ஐந்து கிரவுண்டு, பதினெட்டு வீடுகள்: மேற்கு மாம்பலத்தில் ஒரு மறுகட்டுமானமும் ஒரு குடியிருப்பாளரின் மாற்றுக் கருத்தும்

சென்னையில் 1980களில் எழுந்த மூன்று தளக் குடியிருப்புகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அதே மனையில் உயரமான கட்டடங்கள் எழுந்துவருகின்றன. அத்தகைய ஒரு குடியிருப்பில் 2019 முதல் நடந்தவற்றை இந்தக் குறிப்பு பதிவு செய்கிறது. கட்டடத்தின் உறுதியைச் சோதித்து அறிக்கை தர உரிமையாளர் சங்கம் என்னை அழைத்தது. பின்னர் ஒப்பந்தப் பேச்சுவார்த்தையிலும் தொழில்நுட்ப ஆலோசகனாக உடன் இருந்தேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களும் தெருவின் பெயரும் கட்டுநர்களின் பெயர்களும் இங்கே தரப்படவில்லை.

பின்னணி

மேற்கு மாம்பலத்தில் 30 அடிச் சாலை ஒன்றில், ஐந்து கிரவுண்டு மனையில், அதாவது 12,000 சதுர அடி நிலத்தில், இந்தக் கட்டடம் 1987இல் கட்டி முடிக்கப்பட்டது. தரைத் தளமும் மேலே இரண்டு தளங்களும், தளத்துக்கு ஆறு வீதம் 18 வீடுகளும் கொண்டது. மூன்று தளங்களின் பரப்பு சேர்ந்து 16,800 சதுர அடி. அன்று நடைமுறையில் இருந்த தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு, 1.5. அந்த அளவுக்குள் 1.4 வரை பயன்படுத்திக் கட்டியிருந்தார்கள். மின்தூக்கி கிடையாது. முதலில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் வங்கி, அஞ்சல், தொலைபேசித் துறை ஊழியர்கள். 2019இல் அவர்களில் பலர் ஓய்வூதியத்தில் வாழ்ந்தார்கள், ஆறு வீடுகளில் வாடகைதாரர்கள் குடியிருந்தார்கள்.

இடத்தைப் பற்றி ஒரு சொல். தியாகராய நகர் 1920களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்து எழுப்பப்பட்ட நகர். ரயில் பாதைக்கு மேற்கே லேக் வியூ சாலை என்ற பெயர் இன்றும் இருக்கிறது, பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. 2015 டிசம்பர் பெருமழையிலும் 2021 நவம்பர் மழையிலும் இந்தத் தெருவில் நீர் நின்றது. கட்டியபோது வாசலில் மூன்று படி ஏறித்தான் தரைத் தளத்துக்குள் நுழைய வேண்டியிருந்ததாம். பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்ததில், நான் முதன்முதலில் போனபோது வாசலிலிருந்து ஒரு படி இறங்கித்தான் உள்ளே செல்ல முடிந்தது.

தரைத் தளத்தில் ஒரு வீட்டின் உரிமையாளர், அரசுத் துறை ஒன்றில் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற, எழுபது வயதைக் கடந்த அம்மையார். கணவரை இழந்தவர், தனியே வசிப்பவர். மின் மீட்டர் பலகைக்குக் கீழே உள்ள சுவரில், ஒவ்வொரு வெள்ளத்திலும் நீர் ஏறிய உயரத்தைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வைத்திருந்தார். தண்ணீர் லாரி வந்த நாள், கொள்ளளவு, கொடுத்த தொகை ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு நீள நோட்டு இருந்தது. இந்த நிகழ்வின் மையம் இவருடைய கருத்துகள்தான்.

2019: முதல் முன்மொழிவு

தளப்பரப்புக் குறியீடு 1.5இலிருந்து 2.0ஆக உயர்ந்ததும், தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் வெளியானதும் சேர்ந்து இந்தப் பழைய மனைகளின் மதிப்பை மாற்றின. அந்த விதிகளின்படி 18.30 மீட்டர் உயரம் வரையிலான கட்டடம் உயர்மாடிக் கட்டடமாகக் கருதப்படுவதில்லை. கீழே வண்டிகளுக்கான ஸ்டில்ட் தளமும் மேலே ஐந்து தளங்களும் இந்த உயரத்துக்குள் அடங்கும். குறியீட்டுக்கு மேல் சாலையின் அகலத்தைப் பொறுத்து, கட்டணம் செலுத்திக் கூடுதல் பரப்பும் பெறலாம்.

ஒரு கட்டுநர் இதை வைத்துத்தான் வந்தார். தளத்துக்கு 5,600 சதுர அடி வீதம் ஐந்து தளங்கள், மொத்தம் 28,000 சதுர அடி, 30 வீடுகள். பழைய உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் பழைய அளவிலேயே ஒரு புதிய வீடு, மின்தூக்கி, ஒரு கார் நிறுத்துமிடம், கட்டி முடியும் வரை வாடகை. உரிமையாளர்கள் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. மீதி 12 வீடுகள் கட்டுநருக்கு. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் பனகல் பூங்கா, கோடம்பாக்கம் வழியாகச் செல்லவிருக்கும் மெட்ரோ பாதையின் படம், முன்மொழிவின் முதல் பக்கத்திலேயே இருந்தது.

முழங்கால் வலியோடு இரண்டு மாடி ஏறி இறங்குபவர்களுக்கு இது எப்படிப்பட்ட அழைப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 18 பேரில் 13 பேர் முதல் கூட்டத்திலேயே சம்மதித்தார்கள். நான்கு பேர் யோசித்தார்கள். அம்மையார் மட்டும் மறுத்தார். நிலத்தில் ஒவ்வொருவருக்கும் கூட்டு உரிமை உண்டு என்பதாலும், 1994ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தில் பெரும்பான்மையின் முடிவைக் கொண்டு மறுகட்டுமானம் செய்ய வழி இல்லாததாலும், அன்று நடைமுறையில் அனைவரின் கையெழுத்தும் தேவைப்பட்டது. முன்மொழிவு நின்றுபோனது. சில வீட்டார் அவரோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

நான்கு பக்கக் கடிதம்

மறுத்ததற்கான காரணத்தை அம்மையார் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். கோப்பில் கிடந்த அந்தக் கடிதத்தை மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் நான் படித்தேன். சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகத்தில் அதைப் பற்றி இருந்த பதிவு ஒற்றை வரி: ‘கடிதம் பெறப்பட்டது.’

கடிதத்தின் முதல் பக்கம் நிலத்தைப் பற்றியது. 12,000 சதுர அடியை 18 வீடுகளுக்குப் பகிர்ந்தால் வீட்டுக்குச் சற்றேறக்குறைய 667 சதுர அடி பிரிபடாத பாகம், அதாவது பொது மனையில் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய, தனியே பிரித்துக் காட்டப்படாத பங்கு, வருகிறது. 30 வீடுகளுக்குப் பகிர்ந்தால் 400. வீட்டின் அளவு மாறவில்லை என்பதால் எதையும் இழக்கவில்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் புதிய வீட்டுக்கான விலையாகத் தலைக்கு 267 சதுர அடி மாம்பலத்து நிலத்தைக் கொடுக்கிறோம் என்று எழுதியிருந்தார். அதற்கு அடுத்த பத்தி இன்னும் கூர்மையானது. இந்த மறுகட்டுமானம் நம் கைக்காசு இல்லாமல் சாத்தியமாவதற்குக் காரணம், 1987இல் கட்டியதைவிட இன்று அதிகமாகக் கட்ட அரசு அனுமதிக்கிறது என்பதுதான். புதிய கட்டடமும் ஒரு நாள் பழையதாகும். அன்றைக்கு நம் பேரப்பிள்ளைகள் 400 சதுர அடியை வைத்துக்கொண்டு பேரம் பேசப் போவார்கள். அவர்களுக்கும் இதே பேரம் படிய வேண்டுமானால் குறியீடு மறுபடியும் உயர வேண்டும், வீடுகள் மறுபடியும் பெருக வேண்டும்.

பிரிபடாத பாகத்தைப் பற்றி வழக்கறிஞர்களும் மதிப்பீட்டாளர்களும் நாள்தோறும் பேசுகிறார்கள். ஆயினும் ஒரு கட்டடத்தின் ஆயுளை அடுத்த கட்டடத்தின் ஆயுளோடு சேர்த்துக் கணக்கிட்ட ஆவணத்தை நான் பார்த்தது இதுவே முதல் முறை. இத்தனைக்கும் அவர் செய்தது ஐந்தாம் வகுப்பு வகுத்தல்தான்.

இரண்டாம், மூன்றாம் பக்கங்கள் தெருவைப் பற்றியவை. கூடுதலாக வரும் 12 குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு நான்கு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புற அளவின்படி கணக்கிட்டால் 6,480 லிட்டர் வருகிறது. ஒரு சிறிய தண்ணீர் லாரி கொள்ளும் 6,000 லிட்டரைவிட இது அதிகம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் வறண்ட 2019 ஜூனில், 18 குடும்பங்களுக்கே பதிவு செய்த லாரி நாள்கணக்கில் வராததை அவருடைய நோட்டு காட்டியது. உள்ளே போகும் தண்ணீரில் பெரும்பகுதி கழிவுநீராக வெளியே வர வேண்டும், தெருவின் கழிவுநீர்க் குழாயோ கட்டடம் கட்டிய காலத்தில் போட்டது. ‘மாடியை உயர்த்தச் சட்டம் இருக்கிறது, குழாயை அகலப்படுத்தும் நாள் எந்தச் சட்டத்தில் இருக்கிறது?’ என்று கேட்டிருந்தார். இதே தெருவில் இன்னும் பல கட்டடங்கள் இடிக்கும் வயதில் நிற்கின்றன என்றும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அனுமதி கிடைத்தாலும் குழாய் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றும் குறிப்பிட்டிருந்தார்.

நான்காம் பக்கத்தில் அவருடைய மாற்று யோசனை: இடிக்க வேண்டாம், பழுது பார்ப்போம், வெளியே ஒரு மின்தூக்கியைப் பொருத்துவோம்.

2022: கட்டடத்தின் நிலை

2022இல் முதல் தளத்தில் ஒரு வீட்டின் கழிவறைக் கூரையிலிருந்து கான்கிரீட் பாளம் பெயர்ந்து விழுந்தது. நல்வாய்ப்பாக யாருக்கும் காயமில்லை. அதன்பின்தான் நான் அழைக்கப்பட்டேன். சுத்தியல் சோதனை, மீயொலிச் சோதனை, கான்கிரீட்டில் துளையிட்டு உருளை மாதிரி எடுத்து நசுக்கிப் பார்க்கும் சோதனை ஆகியவற்றைச் செய்தோம்.

மேல் தளங்களின் நிலை நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. கழிவறைகளில் தளத்தைத் தாழ்த்திப் போட்ட பகுதிகளில் நீர் கசிந்து கம்பிகள் துருப்பிடித்திருந்தன. அது பழுது பார்க்கக்கூடியதே. கவலை தந்தது தரைத் தளத் தூண்கள். வெள்ளநீர் நின்ற உயரத்துக்குக் கீழே, அதாவது அம்மையாரின் பென்சில் கோடுகளுக்குக் கீழே, பூச்சைத் தட்டினால் உள்ளீடற்ற ஓசை கேட்டது. நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பை ஒட்டிய இரண்டு தூண்களில் பூச்சை உரித்தபோது, செங்குத்துக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பிகள் சில இடங்களில் முழுவதுமாக அரித்துப் போயிருந்தன. இந்த வளையங்கள் இல்லாவிட்டால் செங்குத்துக் கம்பிகள் சுமையில் வெளிப்புறம் வளைந்துவிடும்.

தூண்களைச் சுற்றிப் புதிய கம்பியும் கான்கிரீட்டும் இட்டு வலுப்படுத்தினால் 10 முதல் 12 ஆண்டுகள் வரை பயன்படுத்தலாம், அதற்கு வீட்டுக்கு ஏறத்தாழ ஆறு லட்சம் ரூபாய் ஆகும், அந்தக் காலத்துக்குப் பிறகு இதே கேள்வி மீண்டும் எழும் என்று அறிக்கையில் எழுதினேன். சம்ப் அருகே இருந்த தூண்களுக்கு உடனடியாக இரும்பு முட்டுக்கொடுக்கச் சொன்னேன்.

அறிக்கையைப் படித்த அம்மையார் இரண்டு கேள்விகள் கேட்டார். வலுப்படுத்திய தூணுக்குள் பழைய துரு தொடருமா? வெள்ளம் மறுபடியும் வந்தால் 12 ஆண்டு என்பது குறையுமா? இரண்டுக்கும் ஆம் என்றேன். அடுத்த பொதுக்குழுவில், இடிப்பதை இனி எதிர்க்கவில்லை, எப்படிக் கட்டுவது என்பதில் மட்டுமே தமக்குக் கருத்து வேறுபாடு என்று சொல்லி, அதைப் பதிவு செய்யவும் கேட்டுக்கொண்டார்.

2024: சட்டம் மாறிய பின்

2022இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மறுகட்டுமானத்துக்கு உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஒப்புதல் போதும் என்பது அதன் முக்கிய மாற்றங்களில் ஒன்று. 18 வீடுகளுக்கு 12 ஒப்புதல்கள். 14 பேர் தயாராக இருந்தார்கள். 2019இல் அம்மையார் ஒருவராகவே நிறுத்தி வைக்க முடிந்ததை இனி நிறுத்த முடியாது.

சங்கத்தில் ஒரு பகுதியினர் உடனே பழைய கட்டுநரை அழைக்க விரும்பினார்கள். அப்போதைய செயலாளர் அதைத் தள்ளிவைத்தார். பெரும்பான்மை இருந்தாலும் விருப்பமில்லாத ஒருவரை வீட்டைக் காலி செய்ய வைப்பது வழக்கில் முடியலாம், வழக்கு நிலுவையில் உள்ள மனைக்குக் கட்டுநருக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம் என்பது அவர் சொன்ன காரணம். சொல்லாத காரணம், அதற்குள் அவர் அந்த நான்கு பக்கங்களைப் படித்துவிட்டிருந்தார் என்பதே என் எண்ணம். மூவர் குழு ஒன்றை அமைத்து, அதில் அம்மையாரையும் சேர்த்தார். எதிர்ப்பவரைப் பேரம் பேசும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்ததுதான் இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவு என்று கருதுகிறேன்.

குழுவின் முதல் வேலையாக அம்மையார் 18 கிரயப் பத்திரங்களின் நகல்களையும் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் எழுதப்பட்டிருந்த பிரிபடாத பாகத்தைக் கூட்டினார். 11,640 சதுர அடிதான் வந்தது. மறுபடியும் கூட்டினார், அதே விடை. மீதி 360 சதுர அடி யாருக்கும் விற்கப்படாமல், 1987இல் மனையைத் தந்த முதல் உரிமையாளரின் பெயரிலேயே இருந்தது. வில்லங்கச் சான்றும் அதை உறுதிப்படுத்தியது. அந்தக் காலக் கட்டடங்களில் இது அரிதான ஒன்றல்ல. பாகங்களைத் தோராயமாகப் பிரித்து எழுதியதால் மிச்சம் விழுந்திருக்கும், சில இடங்களில் வேண்டுமென்றே மிச்சம் வைத்ததும் உண்டு. கவனிக்காமல் ஒப்பந்தம் போட்டிருந்தால், திட்ட அனுமதிக்கு ஆவணங்களைச் சமர்ப்பிக்கும்போதோ புதிய வீடுகளைப் பதிவு செய்யும்போதோ வேலை நின்றிருக்கும். முதல் உரிமையாளரின் வாரிசுகளைக் கண்டுபிடித்து, ஒரு தொகை கொடுத்து, 18 பேருக்கும் சேர்த்து விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கப் பல மாதங்கள் ஆயின. அந்தச் செலவை எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள். அம்மையாரோடு பேச்சை நிறுத்தியிருந்த வீட்டாரில் சிலர் அப்போதுதான் மீண்டும் பேசத் தொடங்கினார்கள்.

ஒரே தாளில் மூன்று விலைகள்

கட்டுநர்கள் தங்கள் விளம்பரப் புத்தகத்தோடு வருவதை அனுமதிப்பதில்லை என்று குழு முடிவு செய்தது. பளிங்குத் தரை, உடற்பயிற்சிக் கூடம், வீடியோ கதவு ஆகியவற்றின் படங்களை முன்வைத்துப் பேசத் தொடங்கினால் நிலத்தின் பேச்சு கடைசிவரை வராது. அதற்குப் பதிலாக ஒரே ஒரு தாள் தயாரிக்கப்பட்டது. புதிய கட்டடத்தில் பழைய உரிமையாளருக்கு மிஞ்சும் பிரிபடாத பாகம் எவ்வளவு என்பதே அதன் முதல் கேள்வி. அடுத்து வீடுகளின் எண்ணிக்கை, சாலை மட்டத்திலிருந்து அடித்தளத்தின் உயரம், சம்ப்பின் கொள்ளளவு, மழைநீர் இறங்கும் கிணறுகள், சுவர்களுக்குள் அளந்த கார்பெட் பரப்பு, பொருள் சேவை வரியை ஏற்பவர் யார், தாமதத்துக்கு இழப்பீடு, வங்கி உத்தரவாதம். மூன்று கட்டுநர்களிடம் இது கொடுக்கப்பட்டது.

2019இல் வந்தவர் இந்தத் தாளை நிரப்பவே மறுத்து விலகினார். இரண்டாமவர் ஸ்டில்ட்டுக்கு மேல் நான்கு தளங்கள், 24 வீடுகள் என்று தந்தார். கட்டணம் செலுத்திக் கூடுதல் பரப்பு வாங்கத் தேவையில்லை, பாகம் 500 சதுர அடியாக நிற்கும், ஆனால் பழைய உரிமையாளர் ஒவ்வொருவரும் 24 லட்சம் ரூபாய் தர வேண்டும். மூன்றாமவர் ஐந்து தளங்கள், மொத்தப் பரப்பு 28,000 சதுர அடி என்றே தந்தார், ஆனால் பங்கு விகிதத்தை மாற்றினார்: மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களுக்கு, ஒரு பங்கு தமக்கு. உரிமையாளர்கள் பணம் தர வேண்டாம். வீடு ஒவ்வொன்றும் ஒன்பதில் ஒரு பங்கு பெரிதாகும், பாகம் ஏறத்தாழ 444 சதுர அடி, கட்டுநருக்கு 10 வீடுகள்.

அம்மையாரின் தெரிவு நான்கு தளங்கள். நான்கு பேர் அவரோடு நின்றார்கள். மற்றவர்களிடம் 24 லட்சம் இல்லை, எழுபது வயதில் கடன் தரும் வங்கியும் இல்லை. குறைந்த உயரம், குறைந்த நெரிசல், அதிக நிலம் என்று கேட்பவரின் கையில் அதற்கான பணமும் இருக்க வேண்டியிருக்கிறது. நகர வளர்ச்சியைப் பற்றிய விவாதங்களில் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். தெருவின் கொள்ளளவைக் காப்பது பொதுநலன் என்றால், அதன் செலவை 18 ஓய்வூதியர்களின் தலையில் வைப்பது எப்படி நியாயம் என்று ஒருவர் கூட்டத்தில் கேட்டதற்கு அம்மையாரிடமும் பதில் இல்லை. ‘நியாயம் இல்லைதான். ஆனால் குழாய் அடைத்துக்கொள்வதும் நியாயம் பார்த்து இல்லை’ என்று மட்டும் சொன்னார்.

வாக்கெடுப்பில் மூன்றாம் முன்மொழிவுக்கு 16 பேர் ஆதரவு தந்தார்கள். அவரோடு நின்ற நால்வரும் இறுதியில் பெரும்பான்மையோடு சேர்ந்துகொண்டார்கள். வெளிநாட்டில் இருந்த ஒருவர் பதில் அனுப்பவில்லை. அம்மையார் எதிர்த்து வாக்களித்தார். எதிர்ப்புக்கான காரணத்தை இம்முறை நடவடிக்கைப் புத்தகத்தில் முழுமையாக எழுதினார்கள். அதன்பின் ஒப்பந்தத்தில் அவரும் கையெழுத்திட்டார்.

ஒப்பந்தத்தின் உள்ளே

2024 இறுதியில் கையெழுத்தான கூட்டு மேம்பாட்டு ஒப்பந்தத்தில் பிறருக்கும் பயன்படக்கூடிய சில கூறுகள் உண்டு.

கட்டுநருக்குக் கொடுக்கும் பொது அதிகாரப் பத்திரத்தைத்தான் குழு மிகவும் நெருங்கிப் பார்த்தது. வழக்கமான வரைவில், ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலேயே கட்டுநர் தம் பங்கு நிலத்தை விற்கவும் அடமானம் வைக்கவும் அதிகாரம் பெறுகிறார். வேலை பாதியில் நின்றால் வீடும் இல்லை, நிலமும் பிறர் கையில். இங்கே அதிகாரம் படிகளாகப் பிரிக்கப்பட்டது: திட்ட அனுமதி பெறுவதற்கு முதலிலேயே அதிகாரம், முதல் நான்கு வீடுகளுக்குரிய பாகத்தை விற்க, மூன்றாம் தளக் கூரை வார்க்கப்பட்ட பின், எஞ்சிய ஆறு வீடுகளுக்கு, பழைய உரிமையாளர்களின் வீடுகள் முடிந்து நிறைவுச் சான்று பெற்ற பின். மூலப் பத்திரங்கள் கட்டுநர் கைக்குப் போகவில்லை. வழக்கறிஞர் ஒருவரிடம் பொறுப்பில் வைக்கப்பட்டன.

மனையின் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேல் என்பதாலும் வீடுகள் எட்டுக்கு மேல் என்பதாலும், 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் திட்டத்தைப் பதிவு செய்தாக வேண்டும். வீடு வாங்குவோர் தரும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்கச் சொல்லும் அந்தச் சட்டம், வாங்குவோருக்கு நல்ல பாதுகாப்பு. பழைய உரிமையாளர்களோ பணத்தைத் தரவில்லை, வீட்டையே இடிக்கக் கொடுத்தவர்கள். அவர்களுக்கான வாடகையும் வேலை நின்றுபோகும் ஆபத்தும் அந்தக் கணக்குக்குள் நேரடியாக அடங்குவதில்லை. அதனால்தான் தனியே ஒரு வங்கி உத்தரவாதம் கேட்கப்பட்டது. கட்டுநர் முதலில் மறுத்தார், தொகையைக் குறைத்த பின் ஒப்புக்கொண்டார்.

கட்டுமானத்தைக் கண்காணிக்க உரிமையாளர்களே சம்பளம் கொடுத்து ஒரு கட்டமைப்புப் பொறியாளரை நியமிக்க வேண்டும் என்பது அம்மையாரின் பிடிவாதம். 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில், கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்ததை அவர் கூட்டத்தில் நினைவூட்டினார். ஏரியை ஒட்டிய மண் என்பதால் எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. பணி தொடங்கும் முன் கூடுதல் இடங்களில் மண் துளைத்துப் பார்க்கப்பட்டது.

தெருவைப் பற்றிய அவருடைய கவலையில் ஒரு மனைக்குள் செய்யக்கூடியவை மட்டுமே ஒப்பந்தத்தில் இடம்பெற்றன. அடித்தளம் சாலையைவிட 3 அடி உயரம். மின் மீட்டர்களும் பம்புகளின் இயக்கப் பலகைகளும் 2015ஆம் ஆண்டுப் பென்சில் கோட்டுக்கு மேலே. சம்ப் இரண்டு, ஒன்று நிலத்தடி நீருக்கும் மற்றது குடிநீர் வாரியத்தின் தண்ணீருக்கும். மொட்டைமாடி நீர் முழுவதும் கிணற்றில் இறங்க வழி. கழிவுநீர்க் குழாயைப் பெரிதாக்கக் கோரி வாரியத்துக்குச் சங்கம் தனியே மனு கொடுத்தது. அந்த மனுவுக்கு ஏற்புச் சீட்டு மட்டும் கிடைத்திருக்கிறது.

பின் நடந்தவை

2025இல் கட்டடம் இடிக்கப்பட்டது. வாடகைக்கு இருந்த ஆறு குடும்பங்களுக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்தார்கள். இந்தக் கதை முழுவதிலும் அவர்களுடைய குரல் எங்கும் பதிவாகவில்லை. சட்டப்படி பதிவாகத் தேவையும் இல்லை. அவர்களில் ஒருவர் இதே தெருவில் பல ஆண்டுகளாகத் துணிகளுக்கு இஸ்திரி போடும் தொழில் செய்பவர், இப்போது குன்றத்தூர்ப் பக்கம் குடியிருந்துகொண்டு தினமும் வந்து போகிறார்.

உரிமையாளர்களுக்கும் சிரமம் இல்லாமல் இல்லை. கட்டுநர் தரும் வாடகையில் மேற்கு மாம்பலத்திலேயே வீடு கிடைத்தவர்கள் பாதிப்பேர்தான். மருத்துவர், கோயில், தெரிந்த மளிகைக் கடை எல்லாம் நடை தூரத்தில் இருந்த முதியவர்கள் சிலர் புறநகருக்குப் போக நேர்ந்தது. ஒரு கட்டத்தில் வாடகைத் தொகை இரண்டு மாதம் தள்ளிப்போனது. வங்கி உத்தரவாதத்தைப் பயன்படுத்தப் போவதாகச் சங்கம் எழுத்தில் தெரிவித்ததும் நிலுவை முழுவதும் வந்து சேர்ந்தது. அந்தக் கடிதத்தை வரைந்ததும் அம்மையார்தான்.

அடித்தளத்துக்குத் தோண்டியபோது மழைக்காலத்தில் ஆறு அடிக்குள் நீர் ஊறியது. அதை இறைத்து வெளியேற்றியதில் பக்கத்து மனையின் சுற்றுச்சுவரில் விரிசல் கண்டது. தோண்டும் முன்பே அண்டை வீடுகளின் நிலையைப் புகைப்படம் எடுத்துப் பதிவு செய்திருந்ததால், பழைய விரிசல் எது புதியது எது என்ற சண்டை எழவில்லை, கட்டுநர் தம் செலவில் சரிசெய்தார். இந்தக் குறிப்பை எழுதும்போது இரண்டாம் தளக் கூரைக்குக் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒப்பந்தக் காலத்தைவிட வேலை நான்கு மாதம் பின்தங்கியிருக்கிறது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதேபோன்ற கட்டடத்துக்கு மறுபடி ஆலோசனை சொல்ல நேர்ந்தால், கட்டுநர் எவரும் வருவதற்கு முன்பே பத்திரங்களில் உள்ள பாகங்களைக் கூட்டிப் பார்க்கச் சொல்வேன். இங்கே அதைப் பேச்சுவார்த்தையின் நடுவில் செய்ததால் பல மாதங்கள் போயின, அதற்குள் கட்டுமானப் பொருள்களின் விலை ஏறியதைக் காட்டிக் கட்டுநர் சில வசதிகளைக் குறைத்துக்கொண்டார். கட்டடச் சோதனையையும் பாளம் விழும் வரை தள்ளிப்போடக் கூடாது. வெள்ளநீர் நின்ற கட்டடம் என்றால் தரைத் தளத் தூண்களைத்தான் முதலில் தட்டிப் பார்க்க வேண்டும்.

மாற்றுக் கருத்தை எழுத்தில் வாங்கிப் பதில் எழுதும் வழக்கம் சங்கங்களில் தேவை. 2019இல் அம்மையாரின் கடிதத்துக்குப் பதில் எழுத முயன்றிருந்தாலே, 667க்கும் 400க்கும் இடையிலான வேறுபாடு அன்றே எல்லோருக்கும் புரிந்திருக்கும். மூன்றில் இரண்டு பங்கு போதும் என்ற விதி, இடியும் நிலையில் உள்ள கட்டடங்களுக்கு அவசியமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த விதியால், எதிர்ப்பவரின் கடிதத்தைப் படிக்க வேண்டிய கட்டாயமும் சேர்ந்தே போய்விடுகிறது. இங்கே ஒரு செயலாளரின் நிதானத்தால் அது நேரவில்லை. எல்லாக் கட்டடத்திலும் அப்படி ஒருவர் இருப்பார் என்று எண்ணித் திட்டமிட முடியாது.

தெருவின் கேள்வி அப்படியே நிற்கிறது. அதே சாலையில் மேலும் இரண்டு கட்டடங்கள் இடிப்பதற்கான பேச்சில் இருக்கின்றன. ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியே கொடுக்கப்படும் அனுமதிகளின் கூட்டுத்தொகையைக் குழாயின் அளவோடும் வடிகாலின் அளவோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது எந்தச் சங்கத்தாலும் இயலாது. கூடுதல் பரப்புக்கு வசூலிக்கும் கட்டணத்தை அதே தெருவின் குழாய்க்குச் செலவிட வேண்டும் என்பது அம்மையாரின் அண்மைய மனுவின் கோரிக்கை. அது நடைமுறைக்கு உகந்தது என்றே நானும் கருதுகிறேன்.

ஒரு செய்தி மட்டும் இதுவரை தாளில் ஏறவில்லை. பழைய கட்டடத்தில் மாதப் பராமரிப்பு 1,500 ரூபாய். மின்தூக்கி, ஜெனரேட்டர், காவலாளி, இரட்டை சம்ப் பம்புகள் எல்லாம் வந்தபின் அது எவ்வளவாகும் என்பதை மூன்று கட்டுநர்களிடமும் யாரும் கேட்கவில்லை. ஓய்வூதியத்தில் வாழ்பவர்களுக்கு ஆண்டுக்கு ஆண்டு கனக்கப்போகும் தொகை அதுதான். கட்டுநர் எழுத்துமூலம் மதிப்பீடு தர வேண்டும் என்பது அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாக வைக்கப்பட்டுள்ளது.